அதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு

"மட்டன்னு சொல்லிடுங்க தாமரை அக்கா. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே கேக்கல."

ஏதோ கடையிலிருந்து ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிவரச் சொல்வதைப் போலத்தான் கலாவதி இதைப் போனில் சொன்னாள். தாமரைச்செல்வி பேக்யார்டில் ஸ்மோக்கர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இருட்டு பிரியும் முன்பே மூட்டிய நெருப்பு. உள்ளே தலையணை அளவுக்கு ஒரு பிரிஸ்கெட், நெஞ்சுப் பகுதிக் கறி, உப்பும் மிளகும் தவிர வேறெதுவும் படாமல், ஓக் விறகின் புகையில் மெதுவாக வெந்துகொண்டிருந்தது. கையிலிருந்த விறகை நெருப்பில் போடுவதா, போனில் போடுவதா என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"எது மட்டன்?"

"அதான் அக்கா, பிரிஸ்கெட். மாமா ஊர்லேர்ந்து வந்திருக்காருல்ல. அவர் ரொம்ப சுத்தமான ஆளு. ஆடு, நாட்டுக்கோழி எல்லாம் சாப்பிடுவாரு. ஆனா இது மட்டும்... உங்களுக்குத் தெரியாததா?"

'சுத்தமான ஆளு' என்பது தாமரையை முள்ளாகக் குத்தியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பொறுமையாகச் சொன்னாள்.

"அதுக்கென்ன கலா? அங்கிளுக்கு நான் தனியா சிக்கன் பண்ணிடறேன். இது பீஃப்னு முன்னாடியே சொல்லிட்டா அவர் தொடப் போறதில்ல."

"ஐயோ, சொல்லிட்டா எங்களாலயும் தொட முடியாதே! ஆர்யன் அப்பா வருஷம் பூரா இதுக்காகவே காத்துட்டு இருப்பாரு. மாமா முன்னாடி எப்படிக்கா சாப்பிடறது? நம்ம சாப்பிடறது என்னன்னு தெரிஞ்சா அவர் இங்கேருந்து அடுத்த ஃப்ளைட்டே ஏறிடுவாரு."

"அதனால அவருக்குத் தெரியாம அவருக்கே கொடுத்துடறதா?"

"ரெண்டு துண்டுக்கு மேல அவர் எடுக்க மாட்டாருக்கா, பல்லு சரியில்ல. செல்வராஜ் அண்ணாகிட்ட இவர் நேத்தே பேசிட்டாரு. அண்ணா சரின்னுட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?"

இல்லை, அவள் புருஷன் சொல்லவில்லை. தாமரை போனை வைத்தாள்.

டெக்சஸில் கேட்டி என்ற ஊரின் இந்தத் தெருவுக்குக் குடிவந்த வருஷம், நவம்பரில் வரும் நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங்குக்கு, அடுத்த தெருக் கலாவதியும் அவள் புருஷன் நஞ்சப்பனும் வான்கோழி சமைத்துக் கூப்பிட்டார்கள். வாயில் போட்டால் சாக்பீஸ் தின்ற மாதிரி இருந்தது. நாலு பாட்டில் ஊறுகாய் இருந்தாலும் அதைக் கரையேற்ற முடியாது. மறுவருஷம் தாமரை, ஆபீஸில் ஒரு டெக்சஸ்காரி கொடுத்த யோசனையை நம்பி, பிரிஸ்கெட் செய்து இவர்களைக் கூப்பிட்டாள். நஞ்சப்பன் முதல் துண்டைக் கடித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினான். "இதுதாங்க இனிமே நம்ம தேங்க்ஸ்கிவிங் டிரடிஷன்" என்று அறிவித்தவனே அவன்தான். வாட்சப்பில் 'பிரிஸ்கெட் பிரதர்ஸ்' என்று குரூப் ஆரம்பித்தவனும் அவன்தான். நெருப்பைக் காத்துக் கண் எரிய நிற்பவள் ஒரு பெண்ணாயிற்றே, பிரதர்ஸ் எங்கிருந்து வந்தார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தின் காரணம் அவளுக்கும் செல்வராஜுக்கும் மட்டும்தான் தெரியும். பொள்ளாச்சிப் பக்கத்தில், ஊருக்கு வெளியே, காலனியில் பிறந்தவள் தாமரை. பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு திங்கட்கிழமை டிபன் பாக்ஸில் வந்தால், மூடியைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிட்டவள். பக்கத்துப் பெஞ்சுப் பெண் "என்ன கறி?" என்று மூக்கைச் சுளித்துக் கேட்டபோது "மட்டன்" என்று சொன்னவள். கலாவதி இன்றைக்குச் சொல்லச் சொல்கிற அதே பொய்யை எட்டாம் வகுப்பிலேயே சொல்லித் தீர்த்தவள். அப்படிப்பட்டவள் இங்கே வந்து, எந்த இறைச்சியை மறைத்து மறைத்துத் தின்றாளோ அதையே வீட்டுக்குப் பின்னால் பட்டப்பகலில், புகை தெருமுனை வரைக்கும் போக, வேகவைக்கிறாள். வருகிறவர்கள் "ஆகா" என்கிறார்கள். விரலைச் சூப்புகிறார்கள். இதைவிட என்ன தேங்க்ஸ்கிவிங் வேண்டும்?

இப்போது அதற்கும் மூடி போடச் சொல்கிறார்கள்.

சமையலறைக்குள் போனாள். செல்வராஜ் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டான்.

"கலாவதி போன் பண்ணாளா?"

"பண்ணா. நீங்க சரின்னு சொன்னீங்களாமே."

"நான் என்ன பண்றது தாமர? நஞ்சப்பன் கேட்டுட்டான். முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பான்."

"கேக்கட்டுமே!"

"கேட்டா அது எங்க போய் முடியும்னு உனக்குத் தெரியாதா? இவ்வளவு வருஷமா நல்லாப் போயிட்டிருக்கு. அந்தப் பெரியவர் ஒரு மாசம் இருப்பார், கிளம்பிடுவார். ஒரே ஒரு நாள்."

"நாளைக்கு அவருக்கு விஷயம் தெரிஞ்சா யாரைத் திட்டுவாரு? பெத்த பையனையா? 'அவ வீட்டுல கொடுத்துட்டா'ம்பாரு. சாப்பிடாதவருக்குத் தெரியாம ஊட்டின பாவமும் எனக்கு, கெட்ட பேரும் எனக்கு. சாப்பிடற ருசி மட்டும் அவங்களுக்கு. நல்லாருக்குங்க நியாயம்!"

செல்வராஜ் கரண்டியை எடுத்து மறுபடி கிழங்கை மசிக்க ஆரம்பித்தான். அவன் கோழையில்லை. ஆபீஸில் மேலாளரையே எதிர்த்துப் பேசுகிறவன்தான். ஆனால் "சொந்த ஊர் எங்கே?" என்ற கேள்வி வந்துவிட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். "கோயமுத்தூர்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு, பேச்சை மழைக்கோ மார்க்கெட்டுக்கோ திருப்பிவிடுவான். கேட்கிறவர்கள் விட மாட்டார்கள். கோயமுத்தூரில் எங்கே, எந்தப் பக்கம், யார் தோட்டத்துக்குப் பக்கத்தில் என்று நூல் பிடித்துக்கொண்டே வருவார்கள். எங்கே வந்து நிற்கப் பார்க்கிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"இந்த வீட்டுலயுமாங்க மூடியைப் பாதி மூடிட்டுச் சாப்பிடணும்?" என்றாள் தாமரை. "அங்கிளுக்குச் சிக்கன் பண்றேன். அவர் தட்டுல நான் இதை வெக்க மாட்டேன். என்கிட்ட கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். சொல்லிட்டேன்."

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். கலாவதி கையில் கண்ணாடிப் பாத்திரம் நிறையப் பாயசம். அவள் பையன் ஆர்யன் வந்ததும் வராததுமாகத் தாமரையின் மகள் அதிதியோடு மாடிக்கு ஓடிவிட்டான். நஞ்சப்பன், "என்னங்க, புகை எங்க கிச்சன் வரைக்கும் வருது, காலைலேர்ந்து வேலை ஓடல!" என்று சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் அப்பா. கோபிப் பக்கத்துத் தோட்டக்காரர். வெள்ளை வேட்டி, அதன் மேல் மகன் வாங்கிக்கொடுத்த கனமான ஜாக்கெட்.

"வாங்க அங்கிள்" என்றாள் தாமரை.

ஊரில் என்றால் அவளுடைய அப்பா இந்த மனிதரை 'சாமி' என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும், அதுவும் வாசலுக்கு வெளியே நின்று. அங்கிள் என்று ஒரு வார்த்தை இருப்பது எவ்வளவு வசதி! இங்கிலீஷில் சொல்லிவிட்டால் எல்லாமே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது, எதுவும் எங்கேயும் குத்துவதில்லை.

பெரியவர் சோபாவில் உட்கார்ந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கறீங்க" என்றார். பிறகு செல்வராஜிடம் திரும்பினார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"கோயமுத்தூர்ல?"

"பொள்ளாச்சிப் பக்கம்."

"அட, பொள்ளாச்சீலயா! நம்ம சம்பந்தி வீடு அங்கதானுங்க. பொள்ளாச்சீல எந்தப் பக்கம்?"

"கொஞ்சம் உள்ள தள்ளிங்க. அங்கிள், வெளிய குளிருதுல்ல, ஹீட்டரைக் கூட்டவா?"

"நமக்கென்னுங்க குளிரு. உள்ளன்னா, எந்த ஊரு?"

தாமரை குறுக்கே புகுந்து, "சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க" என்றாள். ஹீட்டரைக் கூட்ட எழுந்த செல்வராஜின் காது மடல்கள் சிவந்திருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நாற்பது வயசு ஆம்பளை, சொந்த வீட்டில், சொந்த ஊரின் பெயரைச் சொல்லப் பயந்து ஹீட்டரிடம் ஓடுகிறான்.

மேசையில் எல்லாம் இருந்தது. சோறு, ரசம், மசித்த உருளைக்கிழங்கு, கோழி வறுவல், சோள ரொட்டி. நடுவில் மரப்பலகை மேல் பிரிஸ்கெட். செல்வராஜ் நாருக்குக் குறுக்கே கத்தியை விட்டு ஒவ்வொரு துண்டாகச் சாய்த்தான். மேலே கருத்த பட்டை, அதற்கடியில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, அப்புறம் நெய்யாக உருகிய கொழுப்பு. கலாவதி எச்சில் விழுங்கியதைத் தாமரை பார்த்தாள்.

கோழி வறுவலைப் பெரியவர் தட்டில் தாமரையே பரிமாறினாள். அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று இருந்த நஞ்சப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. தன் தட்டை நிரப்பிக்கொண்ட பிறகு அப்பாவுக்கு வைக்காமல் தான் மட்டும் சாப்பிட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தானோ என்னவோ, கொழுப்புள்ள பக்கமாகப் பார்த்து ஒரு பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

"சாப்பிட்டுப் பாருங்கப்பா. டெக்சஸ் மட்டன்."

டெக்சஸ் மட்டன்! பிறந்ததிலிருந்து ஆட்டுப்பட்டியைப் பார்த்து வளர்ந்த மனிதரிடம் சொல்கிற பொய்யா இது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு வடிப்பான்.

பெரியவர் துண்டைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"ஏன்டா, எந்த ஆட்டுக்குடா இத்தன அகலத்துல கறி இருக்கும்?"

"இங்க ஆடெல்லாம் பெருசுப்பா."

பெரியவர் மகனை விட்டுவிட்டுத் தாமரையைப் பார்த்தார். "அம்மணி, நீதான சமைச்சது. இது என்ன கறி?"

கலாவதி கண்ணாலேயே கெஞ்சினாள். செல்வராஜ் கத்தியைப் பிடித்தபடி நின்றான். 'பீஃப்' என்று சொல்லியிருக்கலாம். 'பிரிஸ்கெட்' என்று சொல்லியிருந்தால் பெரியவருக்குப் புரிந்தேயிருக்காது, எல்லோரும் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் தமிழில் கேட்டார். நேராகப் பார்த்துக் கேட்டார். அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை, வரவழைக்கவும் மனசில்லை.

"மாட்டுக்கறிங்க அங்கிள். நீங்க சாப்பிட மாட்டீங்கன்னுதான் உங்களுக்குன்னு தனியா கோழி பண்ணினேன். வேற தட்டு கொண்டுவர்றேன்."

பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவளை ஒருமுறை பார்த்தார், பிறகு செல்வராஜை ஒருமுறை பார்த்தார். பொள்ளாச்சியில் எந்தப் பக்கம் என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. விடை கிடைத்துவிட்டது.

"சொன்னியே, அது போதும்" என்றார் அவளிடம். அப்புறம் மகனுடைய தட்டைப் பார்த்தார். அதில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. "நீயும் இதைத்தான் திங்கறயா?"

நஞ்சப்பன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"சேச்சே! எனக்கே இப்பதான்ப்பா தெரியுது. இது அவங்க வீட்டுப் பழக்கம். நம்மெல்லாம் அதத் தொடுவமா?"

தண்ணீர் குடிக்க மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த அதிதி இதைக் கேட்டுவிட்டாள். வீட்டில் பேசுகிற தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும், பதில்தான் இங்கிலீஷில் வரும். "பட் அங்கிள், யூ ஆல்வேஸ் ஈட் த மோஸ்ட்!" என்றாள். பெரியவருக்கு இங்கிலீஷ் புரிந்ததோ இல்லையோ, மகனின் முகம் நன்றாகப் புரிந்தது. அவர் எழுந்து கை கழுவப் போனார்.

தாமரை காலியான தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நஞ்சப்பன் பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"ஏனுங்க, நல்ல நாள் அதுவுமா இப்படியா பண்ணுவீங்க? பிரிஸ்கெட்னு சொல்லியிருந்தா அப்பாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. அந்த வார்த்தையை எதுக்குங்க சொன்னீங்க?"

"அதுக்குத் தமிழ்ல அதாங்க பேரு. நீங்க இத்தனை வருஷமா அதத்தான் சாப்பிட்டீங்க. கைதட்டிச் சாப்பிட்டீங்க."

"பிரிஸ்கெட் வேறங்க, அது வேற. ஊர்ல திங்கறதும் இதுவும் ஒண்ணா? எல்லாத்துக்கும் ஒரு டீசென்சி வேணும். அமெரிக்கா வந்தாலும் சில பேருக்கு அந்தப் புத்தி..."

நிறுத்திக்கொண்டான்.

"எந்தப் புத்தி?" என்றாள் தாமரை. "முடிங்க. எந்தப் புத்தின்னு சொல்லிட்டுப் போங்க."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்குத் தெரிந்ததல்ல, ரொம்ப நாளாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வந்திருக்கிறான், தெரிந்துகொண்டே தின்றிருக்கிறான். இங்கிலீஷில் இருக்கிறவரை இவர்களும் வேண்டும், இவர்கள் சமைத்ததும் வேண்டும். தமிழில் வந்துவிட்டால் இரண்டும் தீட்டு. தாமரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் சமைத்த கறிக்கு வருஷா வருஷம் கிடைத்த கைதட்டல் அத்தனையையும் திருப்பி அவன் முகத்தில் எறிய முடிந்தால் எறிந்திருப்பாள்.

அதைவிட அதிகமாக எரிந்தது இன்னொன்று. சமையலறை வாசலில் செல்வராஜ் நின்றுகொண்டிருந்தான். 'அந்தப் புத்தி' அவன் காதிலும் விழுந்தது. நஞ்சப்பன் அவனைத் தாண்டிப் போனபோது விலகி வழி விட்டான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்றாள் தாமரை. அவன் பாயசப் பாத்திரத்தை எடுத்து வைக்கிற சாக்கில் கராஜுக்குள் போய்விட்டான்.

அவர்கள் கிளம்பினார்கள். ஆர்யன் ஒன்றும் புரியாமல் இழுபட்டுப் போனான். கலாவதி "வர்றேன்கா" என்று கால் கட்டைவிரலைப் பார்த்துச் சொன்னாள். பெரியவர் மட்டும் வாசலில் நின்று, "கோழி நல்லாருந்துது அம்மணி" என்றார். அவர் கோழியில் ஒரு வாய்கூட எடுக்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும். கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது.

தாமரை மேசைக்குத் திரும்பினாள். நஞ்சப்பனின் தட்டைத் தூக்கியவள், அதில் ஒரு துண்டு குறைந்திருந்ததைக் கவனித்தாள். கை கழுவ அப்பா எழுந்துபோன நேரத்தில் ஒன்றை வாயில் போட்டிருக்கிறான்.

அப்போதுதான் தெருவைப் பார்த்துத் திறந்திருந்த கராஜ் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. பாத்திரத்தை மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லி நஞ்சப்பன் திரும்பி வந்திருந்தான். சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவிலுள்ள கதவு பாதி திறந்திருந்தது.

"செல்வா, மனசுல வெச்சுக்காதப்பா. அப்பா முன்னாடி நான் வேற என்ன சொல்ல முடியும்? உனக்குத் தெரியாததா? நம்ம பழக்கம் பாட்டுக்கு இருக்கும்." குரல் இன்னும் இறங்கியது. "அந்த மூலைப் பக்கம், கொழுப்போட இருக்குமில்ல, அதுல கொஞ்சம் ஃபாயில்ல சுத்திக் குடேன். டிரங்க்ல வெச்சுக்கறேன். அப்பா தூங்கினதுக்கு அப்புறம் சாப்பிட்டுக்கறேன். வருஷத்துக்கு ஒரு நாள் பிரிஸ்கெட், அதையும் விட்டுட்டா எப்படி?"

தாமரை தட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். செல்வராஜ் இப்போது உள்ளே வருவான், ஃபாயிலைத் தேடுவான், சுற்றிக் கொடுப்பான். கொடுத்துவிட்டு ஒரே ஒரு நாள்தானே என்பான். அப்படி அவன் வந்தால், பலகையோடு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிடுவது, அடுத்த வருஷம் நெருப்பே மூட்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள்.

செல்வராஜ் உள்ளே வரவில்லை.

"பிரிஸ்கெட் தீர்ந்துபோச்சு நஞ்சப்பா" என்றான்.

"என்னப்பா சொல்ற? பாதிக்கு மேல இருந்துதே, நான் பார்த்தேனே."

"அது பிரிஸ்கெட் இல்ல, மாட்டுக்கறி. எங்க வீட்டுப் பழக்கம். அது நிறைய இருக்கு." குரல் கரகரத்தது. ஆனால் தணியவில்லை. தெருவில் நிற்கிற காருக்குக் கேட்கட்டும் என்றே பேசுகிறவனைப் போலப் பேசினான். இந்த ஊருக்கு வந்த பிறகு அந்த வார்த்தையை அவன் வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொல்லித் தாமரை கேட்டதில்லை. "வேணும்னா பேரைச் சொல்லிக் கேளு. தமிழ்ல கேளு. எவ்வளவு வேணும்னாலும் சுத்தித் தர்றேன்."

கதவிடுக்கில் நஞ்சப்பனின் முகம் தெரிந்தது. அவன் காரைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான். நாக்கு அந்த வார்த்தையின் முதல் எழுத்து வரைக்கும் வந்திருக்க வேண்டும், உதடுகள் ஒட்டின. பிறகு யாரும் தொடாத பாயசத்தோடு இருந்த கண்ணாடிப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.